நுரை நிற்காத முதல் சுற்று

ருசி பார்க்கும் அறையில் கிளாஸ் கழுவி, பியர் ஊற்றிக் கொடுப்பது என் வேலை. பதினைந்து வருஷமாகப் பார்க்கிறேன். ஜெர்மன் பியரை இறக்குமதி செய்து விற்கிற கம்பெனி எங்களுடையது. 'எங்களுடையது' என்று நான் சொன்னால் முதலாளி சிரிப்பார்; சிரிக்கட்டும். கேட்பவர்களுக்கு இது எச்சில் பாத்திரம் தேய்க்கிற வேலை மாதிரி இருக்கும். என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அவர்களுக்கு நான் எதையும் விளக்குவதில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

பியர் கிளாஸில் கண்ணுக்குத் தெரியாத பிசுக்கு இத்துனூண்டு இருந்தாலும் போதும், நுரை செத்துவிடும். அதனால் என் தொட்டியில் வேறு எந்தப் பாத்திரமும் விழக்கூடாது. ஒரு தடவை முதலாளி தன் காபிக் கோப்பையை அதில் போட்டுவிட்டார். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் கீழே கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் கையில் இருந்ததை வைத்துவிட்டு மேலே பார்த்தார்களாம். வாசனையில்லாத தூள், சுடுதண்ணீர், அதற்கென்றே ஒரு பிரஷ். பிறகு மூன்று முறை பச்சைத்தண்ணீர். கடைசியில் கம்பித் தட்டில் கவிழ்த்துக் காற்றிலேயே காயவிட வேண்டும். துணி படவே கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டதும் நான்தான்.

என் நாத்தனாரை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். என் வீட்டுக்காரரின் தங்கை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறாயே என்று பக்கத்து வீட்டு அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பாட்டிலில் இறக்குமதி ஸ்டிக்கர் ஒட்டுகிற பிரிவில்தான் அவளை முதலில் போட்டார்கள். ஆறாவது மாதம் ஒரு நாள், ஒரு பெட்டியை நகர்த்தும்போது அப்படியே நின்றுவிட்டாள். இந்தப் பெட்டி வெயிலில் கிடந்திருக்கிறது, உள்ளே இருக்கிற பச்சைப் பாட்டிலெல்லாம் கெட்டுவிட்டது என்றாள். ஒரே ஒரு பாட்டிலின் மூடி லேசாகக் கசிந்திருந்தது. அந்தக் கசிவை மோந்துதான் சொல்லியிருக்கிறாள். முதலாளி ஒன்றைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தை எட்டுக் கோணலாக்கினார். எரிந்த ரப்பர் வாடை. அன்றிலிருந்து கம்பெனியில் அவளுக்குப் பெயர் 'மூக்கு'. நேரில் மட்டும் 'மூக்கு மேடம்'.

எனக்குப் பொறாமை இருந்ததா என்று கேட்டால், இருந்தது. பொய் சொல்வானேன்? அவளுக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால் வந்தவள் நான். நேற்று வந்தவள் நாற்காலியில் உட்கார்கிறாள், நான் அவளுக்கு ஊற்றிக் கொடுக்கிறேன். ஆனால் அவள் ஒரு கிளாஸை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவதை ஒரு முறை பாருங்கள். பொறாமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நமக்கே தெரியாமல் போய்விடும். எங்கள் வீட்டுப் பெண் என்று நாலு பேரிடம் சொல்லத்தான் தோன்றும். நான் நாலு பேரிடம் இல்லை, நாற்பது பேரிடம் சொன்னேன்.

இந்த வருஷம் வரைக்கும் ஏஜென்ட் எதை அனுப்பினானோ அதைத்தான் வாங்கி விற்றோம். இந்த முறை முதலாளி, நாமே தேர்ந்தெடுப்போம் என்று முடிவு செய்து பொறுப்பை நாத்தனாரிடம் கொடுத்தார். நாலு மாதத்தில் இருபத்து மூன்று மாதிரிகள் வந்தன. அவள் ஆறைப் பொறுக்கினாள். ஆறாவதாக எடுத்த புகை பியருக்காக முதலாளியோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினாள். முளைவிட்ட பார்லியை மரப்புகையில் உலர்த்திச் செய்கிற பியர் அது. குடித்தால் வீடு தீப்பிடித்த மாதிரி இருக்கிறது, எவன் வாங்குவான் என்று முதலாளி கேட்டார். முதல் வாயில் அப்படித்தான் இருக்கும், மூன்றாவது வாயில் கிளாஸைக் கீழே வைக்க மனசு வராது என்று அவள் சொன்னாள். சொன்னபடியே மூன்றாவது வாயில் முதலாளி வாயை மூடிக்கொண்டார்.

கன்டெய்னர் வந்து இறங்கியது. எட்டு ஹோட்டல்களுக்குச் சேர்த்துக் கொள்முதல் செய்கிற ஒரு மேடம் வந்து ருசி பார்ப்பதாக நாளும் குறித்தாயிற்று. அப்போதுதான் முதலாளி நாத்தனாரை உட்காரவைத்து, என் எதிரிலேயே, பட்டென்று சொன்னார். மேடம் எடுத்துக்கொண்டால் இனிமேல் கம்பெனிக்கு நிரந்தரத் தேர்வாளர் அவள்தான். எடுத்துக்கொள்ளவில்லை என்றால் பழையபடி ஸ்டிக்கர் பிரிவு. அவள் சரி என்று தலையாட்டினாள். வீடு வரும்வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஸ்டிக்கர் ஒட்டுவது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் பார்வை வந்தவளை மறுபடி கண்ணைக் கட்டி உட்காரவைத்தால் எப்படி இருக்கும்? அந்த மாதிரிதான் அவள் முகம் இருந்தது.

இனி என் புத்தி கெட்ட கதைக்கு வருகிறேன்.

மேடம் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் நாங்களே ஒத்திகை பார்த்தோம். நாத்தனார் ஒரு கிளாஸை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, அடியில் தண்ணீர்ப் புள்ளி தெரிகிறது அண்ணி, வருகிறவர்கள் முதலில் கண்ணால்தானே குடிப்பார்கள் என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் முதலாளி பக்கத்தில் இருந்தார். அவரும் கிளாஸை வாங்கிப் பார்த்து, ஆமாம், வெள்ளையாக இருக்கிறது என்றார். எங்கள் ஊர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். காற்றில் காய்ந்தால் புள்ளி விழத்தான் செய்யும். புள்ளியால் பியருக்கு ஒரு கெடுதலும் இல்லை. இதைச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. என் கிளாஸையா சொல்கிறாய், இரு, உன் கண் கூசுகிற மாதிரிச் செய்துகாட்டுகிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

அந்தக் கறுவலில்தான் நாலு புது வெள்ளைத் துணி வாங்கினேன். வீட்டில் துவைத்து, மென்மையாக இருக்கட்டும் என்று கடைசி அலசலில் துணிக்கு ஊற்றுகிற வாசனைத் திரவத்தையும் ஊற்றினேன். எங்கள் வீட்டுத் துணிக்கெல்லாம் அதுதான். அந்த வாசனை என் மூக்குக்குப் பழகிப்போய்ப் பல வருஷம் ஆகிறது. மேடம் வருகிற அன்று காலையில் யாரும் வருவதற்கு முன்பே போய், இருபத்து நாலு கிளாஸையும் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். வெளிச்சத்தில் வைத்தால் கிளாஸ் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஊற்றுவதற்கு முன்னால் ஒரு முறை பச்சைத்தண்ணீரில் அலசுவது வழக்கம். அலசினால் திரும்பப் புள்ளி விழுமே என்று அதையும் விட்டுவிட்டேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் சறுக்கவில்லை, நானே எண்ணெய் தேய்த்துவிட்டு அதில் ஏறி நின்றேன்.

மேடம் பத்தரைக்குச் சரியாக வந்தார். ஐம்பது வயது இருக்கும். நகையில்லை, சாயமில்லை, சென்ட் இல்லை. ருசி பார்க்க வருகிறவர் எப்படி வரவேண்டுமோ அப்படி வந்தார். எனக்குப் பார்த்ததுமே மரியாதை வந்துவிட்டது. வெள்ளை மேஜையில் ஒரு பக்கம் மேடம், எதிரே நாத்தனார், ஓரத்தில் முதலாளி. நடுவில் தண்ணீரும் வெறும் ரொட்டித் துண்டுகளும். மேடம் ஒரு கிளாஸைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கிளாஸ் ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். நான் நாத்தனாரை ஒரு பார்வை பார்த்தேன்.

இளசிலிருந்து அடர்த்திக்குப் போவதுதான் முறை. முதலில் பில்ஸ்னர், வெளிர்மஞ்சளில் கசப்புத் தூக்கிய பியர். கிளாஸைச் சாய்த்து, பிறகு நிமிர்த்தி, என் கை எப்போதும் ஊற்றுகிறபடி ஊற்றினேன். நுரை மேலே வந்தது. வந்த வேகத்திலேயே இறங்கி, ஓரமாக நாலு குமிழியாக ஒதுங்கி, அதுவும் போய்விட்டது. நான் பாட்டிலைத்தான் பார்த்தேன். அடுத்தது கசப்புக் குறைந்த ஹெல்லஸ். அதுவும் அப்படியே. மூன்றாவது கோதுமை பியர். நுரை என்றால் அதுதான் நுரை. மூன்று விரல்கடை எழும்பிக் கிளாஸுக்கு மேலே நின்று, குடிக்கிறவரின் மூக்கு நுனியில் ஒட்டும். அன்றைக்கு அது சோப்புத் தண்ணீர் வடிகிற மாதிரி வடிந்து, கலங்கலாக உட்கார்ந்துகொண்டது. முதலாளி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

மேடம் மூன்றையும் ஒவ்வொரு வாய் குடித்தார். கிளாஸ்களைத் தள்ளிவைத்தார். "செத்த பியரை எனக்கு எதுக்கு ஊத்தறீங்க?" என்று கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை.

நாத்தனார் பில்ஸ்னர் கிளாஸை எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடினாள், திறந்தாள். என்னை ஒரே ஒரு முறை பார்த்தாள். அந்தப் பார்வை என்னவென்று அப்போது எனக்குப் புரியவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள்.

"வழியில சூடு பட்டிருக்கும் மேடம். நான் தேர்ந்தெடுத்ததுலதான் தப்பு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சூடு பட்ட பியரில் ஈர அட்டைப்பெட்டி வாடை வரும். இது நான் சொல்லி அவளுக்குத் தெரியவேண்டியதில்லை. அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும். சூடு பட்டால் நுரை இப்படி ஒரு மூச்சுக்குள் சாகாது. நாலு மாதம் பாடுபட்டுப் பொறுக்கி, முதலாளியை எதிர்த்துச் சண்டையும் போட்டவள், அதே பியர்கள்மேல் ஏன் கூசாமல் பழி போடுகிறாள்? அப்போதுதான் நான் கிளாஸைப் பார்த்தேன். உள்பக்கச் சுவரெல்லாம் குட்டிக் குட்டிக் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. சுத்தமான கிளாஸில் குமிழி சுவரில் ஒட்டாது. பதினைந்து வருஷமாக மற்றவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அது. துணிக்கு ஊற்றிய வாசனைத் திரவம் கிளாஸில் பிசுக்காக ஏறியிருக்கிறது.

ஒரு கிளாஸை எடுத்து மோந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்கள் வீட்டு அலமாரியைத் திறந்தால் எனக்கு எது தெரியாதோ அதுதான் அந்தக் கிளாஸிலும் தெரியாமல் இருந்தது. ஆனால் எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? மூடிய பெட்டிக்குள் கெட்டுப்போனதைக் கண்டுபிடித்த மூக்கு, அதே வீட்டில் குடியிருக்கிற மூக்கு, கிளாஸைத் தூக்கியவுடனேயே கண்டுபிடித்திருக்கும். துடைத்தது யார் என்பது உட்பட. தெரிந்தேதான் சொல்கிறாள். என்னைக் காப்பாற்ற, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள்.

என்னை நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நிமிஷம் நான் சும்மாதான் நின்றேன். வாயைத் திறக்காமல் இருந்தால் என் பெயருக்கு ஒன்றும் வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவள் சின்னவள், இன்னொரு வாய்ப்பு வரும் என்றுகூட நினைத்தேன். அதற்குள் முதலாளி மேடத்திடம், மன்னிக்க வேண்டும், இந்தப் பெண்ணை நம்பியது என் தப்பு, நாளையிலிருந்து பழைய இடத்துக்கே அனுப்பிவிடுகிறேன் என்றார். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டு குறிப்புத் தாள்களை அடுக்க ஆரம்பித்தாள்.

எனக்கு வந்ததே ஒரு கோபம். முதலாளிமேல் இல்லை. இவள்மேல். என் மானத்தைக் காப்பாற்ற இவள் யார்? என்னிடம் கேட்டாளா? என் தப்பைத் தூக்கிக்கொள்ளத் தெம்பில்லாத கிழவியா நான்? இவளிடம் பிச்சை வாங்கிய பெயரோடு நாளைக்கு அதே தொட்டிக்கு முன்னால் எப்படி நிற்பேன்? மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

"பியர்ல ஒரு தப்பும் இல்ல மேடம். தப்பு கிளாஸ்ல. கிளாஸ் என்னோடது."

நாத்தனார், அண்ணி, நீங்க சும்மா இருங்க என்றாள். நீ சும்மா இருடி என்றேன். கம்பெனியில் நான் அவளை 'டி' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான்.

மேடம் கையைக் கட்டிக்கொண்டு, நிரூபிக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். துடைத்து வைத்திருந்த கிளாஸ் ஒன்றை எடுத்து உள்ளே தண்ணீரால் நனைத்துக் கவிழ்த்து வடித்தேன். ஒரு கை உப்பை எடுத்து உள்சுவரில் தூவினேன். உப்பு அங்கங்கே திட்டுத் திட்டாக ஒட்டியது. மற்ற இடமெல்லாம் மொட்டையாக இருந்தது. அடுத்து இன்னொரு கிளாஸைச் சுடுதண்ணீரில் போட்டுத் தூளும் பிரஷுமாகத் தேய்த்து, மூன்று முறை அலசி, அதே மாதிரி உப்புத் தூவினேன். மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக, வெள்ளை அடித்த சுவர் மாதிரி ஒட்டியது. உப்பு பொய் சொல்லாது மேடம், பிசுக்கு இருக்கிற இடத்தில் ஒட்டாது என்றேன். துணியை ஏன் எடுத்தேன், எதில் அலசினேன், எந்தக் கோபத்தில் செய்தேன் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லும்போது காது சூடாக இருந்தது. ஆனாலும் குரல் இறங்கவில்லை.

இருபது நிமிஷம் கேட்டேன். மேடம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றார். பதினெட்டு கிளாஸ். முதலாளி வாழ்க்கையில் முதல் தடவையாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து என் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். மேடம் ஜன்னலோரம் நின்று நான் கழுவுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனார் யாரையும் பார்க்கவில்லை.

இரண்டாவது சுற்றுக்கு ஈரக் கிளாஸில் ஊற்றினேன். புள்ளியாவது ஒன்றாவது. பில்ஸ்னரின் நுரை எழும்பி, வெள்ளையாகக் கெட்டிப்பட்டு, நின்றது. மேடம் குடிக்கக் குடிக்கக் கிளாஸில் வளையம் வளையமாகத் தங்கியது. நாத்தனார் பேச ஆரம்பித்தாள். முதல் இரண்டு வாக்கியம் தடுமாறினாள். பிறகு கிளாஸை மோந்தாள். அவ்வளவுதான், எங்கே இருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டாள். பில்ஸ்னரை நாக்கு நுனியில் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், விழுங்கிவிட்டுக் காத்திருங்கள் என்றாள். மேடம் விழுங்கினார், காத்திருந்தார். அடி நாக்கில் அந்தக் கசப்பு வருமே, பச்சைப் புல்லைக் கிள்ளின மாதிரி, வந்துவிட்டுச் சுத்தமாகப் போய்விடுமே, அது வந்து போகிற வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை.

ஹெல்லஸில் கசப்பு பின்னால் போய், இப்போதுதான் வெட்டிய ரொட்டியின் மணம் முன்னால் வந்தது. கோதுமை பியரை நான் ஊற்றுவதைப் பார்க்கவே ஆள் வரும். முக்கால் பாட்டிலை மெதுவாகச் சாய்த்து ஊற்றிவிட்டு, மிச்சத்தைச் சுழற்றி, அடியில் தங்கிய ஈஸ்டோடு சேர்த்துக் கவிழ்த்தேன். மூன்று விரல்கடை நுரை நின்றது. பழுத்த வாழைப்பழமும் கிராம்பும் சேர்ந்த வாசனை அறையெல்லாம் வந்தது. பழமோ கிராம்போ ஒரு துளிகூட அதில் கிடையாது, எல்லாம் அந்த ஈஸ்டின் வேலைதான் என்று நாத்தனார் சொன்னாள். மேடத்தின் மூக்கு நுனியில் நுரை ஒட்டியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

நாலாவது டுங்கல். பார்க்கக் கருப்பு, குடிக்க லேசு. ரொட்டியின் சிவந்த ஓரத்தை மட்டும் கிள்ளித் தின்கிற சுகம். ஐந்தாவதாகப் புகை பியர். மேடம் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைத் தள்ளிவைத்தார். முதலாளி என்னைப் பார்த்தார். நாத்தனார், கொஞ்சம் ரொட்டி சாப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னாள். மேடம் ரொட்டியைக் கடித்தார், இன்னொரு வாய் குடித்தார். மூன்றாவது வாய்க்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. கடைசியில் டோப்பல்பாக். காய்ந்த திராட்சையும் காய்ச்சிய வெல்லமுமாக நெஞ்சுக்குள் இறங்கிக் கதகதவென்று உட்கார்ந்துகொள்கிற பியர். மேடம் அந்தக் கிளாஸைக் காலி செய்தார். ருசி பார்க்க வருகிறவர்கள் கிளாஸைக் காலி செய்ய மாட்டார்கள்.

எனக்கு அப்படியே கத்த வேண்டும்போல் இருந்தது. இதெல்லாம் அவள் பொறுக்கியது, அந்த இருபத்து மூன்றிலிருந்து அவள் ஒருத்தி பொறுக்கியது என்று. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். முதலாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. எப்போது அனுப்பட்டும் என்று கேட்கவே ஆரம்பித்துவிட்டார்.

மேடம் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். நாத்தனாரைப் பார்த்து, "கிளாஸ்ல வாடை இருக்குன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"முதல் கிளாஸ்லயே."

மேடம் சொன்னார், பியர் எல்லாம் பிரமாதம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எட்டு ஹோட்டலிலும் இனிமேல் இவள் வார்த்தையை நம்பித்தான் வாங்கவேண்டும், ஒவ்வொரு முறையும் அவரே வந்து குடித்துப் பார்க்க முடியாது. வேண்டியவர்களுக்காக நல்ல பியரைக் கெட்டது என்று சொன்னவள், நாளைக்கு வேண்டியவர்களுக்காகக் கெட்டதை நல்லது என்று சொல்ல மாட்டாள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

நான் சும்மா இருப்பேனா?

"அவளுக்குப் பொய் சொல்லவே வராது மேடம். மூணு வருஷத்துல இன்னிக்குத்தான் ஒண்ணு சொன்னா. அதையும் நான் ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டேன்."

"நீங்க கண்டுபிடிச்சீங்க," என்றார் மேடம். "நான் கண்டுபிடிக்கலயே."

என் வாயை அடைத்த மனுஷி அவர் ஒருவர்தான். நியாயமான கேள்வி. மேடம் ஒரு குறிப்புத் தாளை எடுத்து நாத்தனார் முன்னால் வைத்தார். இன்று நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், எங்கள் எட்டு இடத்துக்கும் இதன் நகல் போகும், அதைப் படித்துவிட்டு என் முடிவைச் சொல்கிறேன் என்றார்.

நாத்தனார் பேனாவை எடுத்தாள். நாளும் நேரமும் எழுதினாள். ஆறு பியரின் பெயரையும் எழுதினாள். 'முதல் சுற்று' என்று எழுதிவிட்டு நின்றாள். பேனா முனை தாளில் பட்டபடியே நின்றது, மை ஊறிப் புள்ளியானது. அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் எழுத முடியாது என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். எட்டு இடம். சமையற்கட்டில் இருந்து பெரிய மேனேஜர் வரைக்கும் படிப்பார்கள். என் பதினைந்து வருஷம் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தது. பதமாக, கிளாஸ் சரியில்லை என்று மட்டும் எழுதிவிட்டால் யாருக்கும் வலிக்காது. அப்படி எழுதினால் மேடம் தாளை மடித்து வைத்துவிட்டுப் போய்விடுவார் என்பதும் எனக்குத் தெரிந்தது.

"எழுதுடி," என்றேன். "ஒரு எழுத்து விடாம எழுது."

அவள் எழுதினாள். நிறுத்தாமல், தலை நிமிராமல் எழுதினாள். மேடம் வாங்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார்.

'முதல் சுற்று செல்லாது. நுரை நிற்கவில்லை. பியரில் குறையில்லை. கிளாஸ்கள், வாசனைத் திரவத்தில் அலசிய துணியால் துடைக்கப்பட்டிருந்தன. துடைத்தவர் என் அண்ணி. முதல் கிளாஸிலேயே எனக்குத் தெரியும். தெரிந்தும் மறைத்துப் பியர்மேல் பழி சொன்னேன். கிளாஸ்களைத் திரும்பக் கழுவியவரும் என் அண்ணி. இரண்டாம் சுற்றில் ஆறு பியரிலும் நுரை நின்றது.'

மேடம் இன்னொரு முறை தனக்குள் படித்துக்கொண்டார். பேனாவை வாங்கி, நாத்தனாரின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். ஆறையும் அனுப்புங்கள் என்று முதலாளியிடம் சொன்னார். அடுத்த முறையிலிருந்து நான் வரமாட்டேன், இந்தப் பெண்ணின் கையெழுத்து இருந்தால் போதும் என்றும் சொன்னார். நாத்தனார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். பாதி மேஜையில் சிந்தியது.

நகல் எடுத்து அனுப்பச் சொல்லி மேடம் விட்டுப்போன தாளை முதலாளி எடுத்துப் பார்த்தார். அவருக்கு மனசு கேட்கவில்லை. வேலைக் காகிதத்தில் யாராவது அண்ணி என்று எழுதுவார்களா, எட்டு ஹோட்டலுக்குப் போகிறதே, கிளாஸ் பிரிவில் ஒரு தவறு என்று மாற்றி அடித்துக்கொடுத்துவிடலாமா, உங்கள் பெயரும் தப்பிக்கும் என்று என்னைக் கேட்டார். அவர் கையில் இருந்த தாளை வாங்கி நாத்தனாரிடம் கொடுத்தேன்.

"அதுல யாரும் கை வைக்கக் கூடாது," என்றேன். "எங்க வீட்டுப் பொண்ணு எழுதினா எழுதினதுதான்."